கான்கிரீட்டை உடைக்காமல், வெப்பம் பாயும் விதத்தைக் கொண்டு அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் புதிதாக எழும் கட்டடங்களையும் சோதித்துப் பார்க்கும் பணியில் இருப்பதால், வீட்டு உரிமையாளர்களும் இளம் பொறியாளர்களும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வெப்பத்தை வைத்துக் கான்கிரீட்டைப் பற்றி என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?

கான்கிரீட்டின் மேற்பரப்பில் விழும் சூடு எவ்வளவு விரைவாக உள்ளே இறங்குகிறது, எந்த இடத்தில் தடைபட்டுத் தேங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அளந்தால், உள்ளே வெற்றிடமோ பிளவோ இருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா, கலவை அடர்த்தியாக இருக்கிறதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். புதிதாக ஊற்றிய கான்கிரீட்டில் நாம் சூடேற்ற வேண்டியதே இல்லை. சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது தானே வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பநிலையை மணிக்கு மணி பதிவு செய்தால் வலிமை எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று கணிக்கலாம். இந்த இரண்டும் வெவ்வேறு முறைகள். பலர் இவற்றை ஒன்றாக எண்ணிக் குழம்புவதால் இரண்டையும் தனித்தனியே விளக்குகிறேன்.

இதன் அடிப்படை இயற்பியல் என்ன?

வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் பாய்கிறது; அது பாயும் வீதம் வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்ட இந்த விதிதான் இன்றும் அடிப்படை. அந்த நேர்விகித மாறிலியை வெப்பக் கடத்துதிறன் என்கிறோம். சாதாரண கான்கிரீட்டுக்கு இது மீட்டர் கெல்வினுக்கு ஏறத்தாழ 2 வாட். நீருக்கு 0.6, அசைவற்ற காற்றுக்கு 0.026 மட்டுமே. கான்கிரீட்டுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள இந்தப் பெரிய வேறுபாட்டை நம்பித்தான் வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கும் முறை முழுவதும் நிற்கிறது.

கடத்துதிறன் மட்டும் போதாது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ எடையுள்ளது. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 950 ஜூல் தேவை. கடத்துதிறனை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது வெப்பப் பரவுதிறன். மேற்கண்ட எண்களுக்கு அது வினாடிக்குச் சுமார் 0.9 சதுர மில்லிமீட்டர். வெப்ப அலை ஓர் ஆழத்தை எட்ட ஆகும் நேரம் அந்த ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பன்னிரண்டு நிமிடமும், 5 சென்டிமீட்டருக்கு முக்கால் மணி நேரமும், 10 சென்டிமீட்டருக்கு மூன்று மணி நேரமும் உத்தேசமாக ஆகின்றன. ஆழம் இரட்டிப்பானால் காத்திருப்பு நான்கு மடங்காகும். களத்தில் எத்தனை மணிக்குப் படம் எடுப்பது என்று முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஜல்லி, மணல், ஈரம் ஆகியவை அளவீட்டை மாற்றுமா?

மிகவும் மாற்றும். கான்கிரீட்டின் கன அளவில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும்தான். குவார்ட்ஸ் என்ற கனிமம் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும், ஃபெல்ட்ஸ்பார் அவ்வளவாகக் கடத்தாது. எனவே எந்தப் பாறையை உடைத்த ஜல்லி என்பதைப் பொறுத்துக் கடத்துதிறன் மாறுகிறது. சென்னைப் பகுதியில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் தெரியும் பாறையின் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைமீது இதே வகைக் கல் பதிக்கப்பட்டிருந்ததால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். நம் ஊர்ப் பாறை உலகம் முழுவதும் அந்தப் பெயரால் அறியப்படுவதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு. அது ஒருபுறம் இருக்க, வெளிநாட்டுச் சுண்ணாம்புக்கல் ஜல்லிக்கான அட்டவணையை எடுத்து நம் கான்கிரீட்டுக்குப் பொருத்துவது தவறு.

ஈரத்தின் விளைவு இன்னும் நுட்பமானது. நுண்துளைகளில் உள்ள காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் கடத்துதிறன் உயர்கிறது. ஆகவே கடத்துதிறன் உயர்ந்திருப்பதைக் கண்டவுடன் கான்கிரீட் அடர்த்தியானது என்று முடிவு கட்டக் கூடாது, அது நனைந்திருக்கலாம்.

அப்படியானால் பழைய கட்டடத்தின் கான்கிரீட் வலிமையை வெப்பத்தைக் கொண்டு சொல்ல முடியாதா?

நேரடியாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரிடம் எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். துளைகள் அதிகமானால் வலிமையும் குறையும், கடத்துதிறனும் குறையும் என்பது உண்மையே. ஆனால் ஜல்லியும் ஈரமும் கடத்துதிறனை மாற்றும் அளவு, எம் 20, எம் 30 என்ற இரு வலிமைத் தரக் கான்கிரீட்டுகளுக்கு இடையே துளைகளால் வரும் வேறுபாட்டை விழுங்கிவிடக்கூடியது. ஒரே கலவை, ஒரே ஜல்லி, ஒரே ஈரநிலை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கட்டடத்துக்குள், ஓர் இடம் மற்றோர் இடத்தைவிட மோசமா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். எண்ணாக வலிமை வேண்டுமானால் கோர் எடுத்து, அதாவது துளைத்து உருளை வடிவ மாதிரி எடுத்து, நசுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய கான்கிரீட்டில் மட்டும் வெப்பநிலையிலிருந்து வலிமையைக் கணிப்பது எப்படி இயலும்?

இதற்கு முதிர்ச்சி முறை என்று பெயர். சிமென்ட்டும் நீரும் வினைபுரியும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரே கலவையில் வார்த்த இரண்டு கான்கிரீட்டுகள் வெவ்வேறு வெப்பநிலைகளில் இருந்தாலும், வெப்பநிலையை நேரத்தால் பெருக்கிக் கூட்டிய தொகை சமமாகும்போது அவற்றின் வலிமையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பதே கருத்து. 1949இல் நர்ஸும் 1951இல் சாலும் இங்கிலாந்தில் இதை வகுத்தனர். வினைவேகத்துக்கான அர்ரீனியஸ் சமன்பாட்டை இதில் பொருத்தும் முறை 1977இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. இன்று ஏ.எஸ்.டி.எம். சி 1074 என்ற அமெரிக்கச் செந்தரம் இரண்டையும் ஏற்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அடிப்படை வெப்பநிலையை, அதாவது எதற்குக் கீழே கான்கிரீட் வலுப்பெறாது என்று எடுத்துக்கொள்கிறோமோ அதை, சாலின் வழியில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி என்று கொள்வோம். சென்னையில் தளத்துக் கான்கிரீட்டின் சராசரி வெப்பநிலை 35 டிகிரி என்றால், ஏழு நாளில், அதாவது 168 மணி நேரத்தில், சேரும் முதிர்ச்சி 45ஐ (35உடன் 10) 168ஆல் பெருக்கிய 7,560 டிகிரி மணி. அதே கலவையைக் கொடைக்கானலில் 15 டிகிரியில் போட்டால் மணிக்கு 25 வீதமே சேரும் என்பதால், அதே அளவை எட்டப் பன்னிரண்டரை நாளுக்கு மேல் ஆகும். முட்டுகளை எப்போது எடுப்பது என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியச் செந்தரம் தரும் நாள் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கானது என்பதை நினைவில் கொண்டால், நாளை மட்டும் எண்ணுவதைவிட வெப்பநிலையையும் சேர்த்து எண்ணுவது ஏன் அறிவார்ந்தது என்பது விளங்கும்.

இது வெறும் வசதிக்கான கணக்கன்று. 1978இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் கட்டுமானத்தில் இருந்த குளிரூட்டும் கோபுரம் இடிந்து 51 தொழிலாளர்கள் இறந்தனர். முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட் அடுத்த கட்டச் சுமையைத் தாங்கும் வலிமையை எட்டியிருக்கவில்லை என்று விசாரணை காட்டியது. அந்த இரவின் குளிரில் வலிமை எவ்வளவு ஏறியிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் மறுநாள் காலை வேலை தொடங்கியிருக்காது. சாரத்தின் மீது நிற்பவர்களின் உயிர் நம் கணக்கில் இருக்கிறது என்று நான் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான்.

களத்தில் இதை எப்படிச் செய்வது?

முதலில் ஆய்வகத்தில் அதே கலவையில் கியூப்கள் வார்த்து, அவற்றில் இரண்டுக்குள் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியை வைத்து, ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தெட்டு நாள் என நசுக்கி, முதிர்ச்சிக்கும் வலிமைக்கும் ஒரு வளைகோடு வரைந்துகொள்ள வேண்டும். பின்னர் களத்தில் கம்பி கட்டி முடிந்ததும், கம்பியைத் தொடாதவாறு பிளாஸ்டிக் துண்டு வைத்து, தெர்மோகப்பிளைக் கட்டிவிட வேண்டும். தளத்தின் ஓரம், நிழல் விழும் மூலை, கடைசியாக ஊற்றப்படும் பகுதி ஆகிய மூன்றும் முதிர்ச்சி குறைவாக இருக்கக்கூடிய இடங்கள் என்பதால் அங்கே கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி பட்டுத் தெர்மோகப்பிளின் கம்பி அறுந்துபோவது வழக்கமாக நிகழ்கிறது. ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள்.

கலவையை மாற்றினால் வளைகோடும் மாறும். சிமென்ட் வகையோ, ஃபிளை ஆஷ் என்ற நிலக்கரிச் சாம்பலின் அளவோ, கலப்பு வேதிப்பொருளோ மாறினால் பழைய வளைகோடு பயன்படாது.

சென்னை வெயிலில் முதிர்ச்சி முறை ஏமாற்றும் என்கிறார்களே, உண்மையா?

இரண்டு விதங்களில் ஏமாற்றும். தொடக்கத்திலேயே மிகச் சூடாக இருக்கும் கான்கிரீட் முதல் சில நாள்களில் வேகமாக வலுப்பெற்றாலும், இருபத்தெட்டாம் நாளில் மிதமான சூட்டில் இருந்த கான்கிரீட்டைவிடப் பின்தங்கிவிடுகிறது. வினைப்பொருள்கள் அவசரமாகச் சிமென்ட் துகளைச் சுற்றிக் கெட்டியாகப் படிந்து, உள்ளே எஞ்சிய சிமென்ட்டுக்கு நீர் போவதைத் தடுப்பதே காரணம். வெப்பநிலையையும் நேரத்தையும் மட்டும் கூட்டும் கணக்கு இதை அறியாது. காற்றின் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது செய்யும் வேலையை ஐ.எஸ். 7861 தனியாக வைத்துப் பேசுவதும் வெயிலின் இத்தகைய கேடுகளை முன்னிட்டுத்தான்.

இரண்டாவது, நீர். வினை நடக்க நீர் இருக்கிறது என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், ஓர் ஒப்பந்ததாரர் நான்காம் நாளிலேயே பால்கனியின் முட்டுகளை எடுக்க அனுமதி கேட்டு முதிர்ச்சி அளவைக் கொண்டுவந்து காட்டினார். அளவு போதுமானதாகவே இருந்தது. நான் நேரில் போய்ப் பார்த்தபோது, மேலே விரித்திருந்த சாக்கு காய்ந்து மொறமொறப்பாகக் கிடந்தது. கான்கிரீட்டின் மேல் வெளிறிய நிறமும் மெல்லிய விரிசல்களும் இருந்தன. தண்ணீர் லாரி வராததால் இரண்டாம் நாளோடு க்யூரிங், அதாவது நீர்விட்டு நனைத்து வைப்பது, நின்றுவிட்டது என்று மேஸ்திரி தயங்கித் தயங்கிச் சொன்னார். தெர்மோகப்பிள் காட்டிய சூடு உண்மைதான், ஆனால் அந்தச் சூட்டுக்கு ஈடான வினை மேற்பரப்பில் நடக்கவில்லை. பால்கனியில் முதன்மைக் கம்பி மேற்பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், மேற்பரப்பு பலவீனமாவது அங்கே மிக ஆபத்தானது. அனுமதி தரவில்லை.

பழைய கட்டடத்தில் அகச்சிவப்பு கேமராவால் எதைக் காண்கிறோம்?

கான்கிரீட் தன் வெப்பநிலைக்கேற்ப வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைக் கேமரா பதிவு செய்து, மேற்பரப்பின் வெப்பநிலைப் படமாகத் தருகிறது. அது சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் ஏற்படும் ஒன்று அல்லது இரண்டு டிகிரி வேறுபாட்டிலிருந்து உள்ளே இருப்பதை நாம்தான் ஊகிக்கிறோம்.

கடற்கரைக்கு அருகே உள்ள ஒரு குடியிருப்பில், கிழக்கு நோக்கிய தரைத்தளத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். காலை ஆறரை மணியிலிருந்து அதன்மீது வெயில் விழுந்தது. பூச்சில் விரிசல் ஏதும் வெளியே தெரியவில்லை, பெயின்ட்டும் புதிது. எட்டரை மணிக்கு எடுத்த படத்தில், தூணின் இடது விளிம்பை ஒட்டி முழங்கை நீளத்துக்கு ஒரு பட்டை 34.2 டிகிரியும், சுற்றியுள்ள பகுதி 32.6 டிகிரியும் காட்டின. அந்தப் பட்டையைச் சிறு சுத்தியலால் தட்டியபோது கணீரென்ற ஒலிக்குப் பதில் பொத்தென்ற ஒலி கேட்டது. உரிமையாளரின் சம்மதத்துடன் உடைத்துப் பார்த்தால், மூலைக்கம்பி துருவேறிப் பருத்து, அதன்மேல் இருந்த கான்கிரீட் உறையை ஒரு பலகைபோலப் பிரித்துத் தள்ளியிருந்தது. இடையில் இருந்த காற்றிடைவெளி ஒரு நாணயத்தின் தடிமன்கூட இல்லை. வெயிலின் சூடு அந்த இடைவெளியைத் தாண்டி உள்ளே போக முடியாமல் மேல் உறையிலேயே தங்கியதால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடானது.

அதே தூணை இரவு பார்த்திருந்தால் படம் தலைகீழாக இருந்திருக்கும். உள்ளே தேங்கிய சூடு வெளிவர வழியில்லாததால், பிரிந்த உறை மட்டும் விரைவில் ஆறிக் குளிர்ந்த பட்டையாகத் தெரியும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே, ஒரு நாளில் இரு முறை, வேறுபாடே தெரியாத நேரம் வருகிறது. அந்த நேரத்தில் எடுத்த படத்தைக் காட்டி, கட்டடத்தில் குறையில்லை என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் எந்த நேரம், எந்தப் பருவம் ஏற்றது?

பிப்ரவரி முதல் மே வரை, வானம் தெளிவாக உள்ள நாள். கிழக்குச் சுவருக்குக் காலை எட்டு முதல் பத்து மணி, மேற்குச் சுவருக்குப் பிற்பகல். மொட்டைமாடிக்கு முற்பகலில் ஒரு முறையும் சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவது என் வழக்கம். பிற்பகலில் கடற்காற்று ஏறத் தொடங்கியதும் மேற்பரப்பு சீரற்றுக் குளிர்கிறது. கைப்பிடிச் சுவரின் மறைவில் உள்ள பகுதி சூடாகவும் காற்று படும் பகுதி குளிர்ந்தும் தெரிவதைக் குறை என்று தவறாக எண்ணிவிடலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிளவைத் தேடாதீர்கள். காற்று இருந்த இடைவெளியில் நீர் நிரம்பினால் அதன் கடத்துதிறன் இருபது மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுவதால், பிளவு கேமராவின் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுமா?

ஈரம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்வதால், குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் கசிவு குளிர்ந்த திட்டாகத் தெளிவாகத் தெரியும். ஆனால் நீர் வெளிப்படும் இடமும் நீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நுழைந்த இடத்தைக் கண்டறிய மேல்தளத்தில் நீரைத் தேக்கி, மணிக்கு ஒரு படம் எடுத்து, திட்டு எங்கிருந்து வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேமராவை வாடகைக்கு எடுத்து நாங்களே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கேமராவில் உமிழ்திறன் என்ற எண்ணை, அதாவது ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற அளவை, சரியாக உள்ளிட வேண்டும். கான்கிரீட்டுக்கும் சாதாரண பெயின்ட் பூச்சுக்கும் அது 0.92 முதல் 0.95 வரை. பளபளப்பான உலோகத்துக்கு மிகக் குறைவு என்பதால், எவர்சில்வர் கைப்பிடியைப் படம் எடுத்தால் அது தன் வெப்பநிலையைக் காட்டாமல் எதிரே உள்ள வானத்தையோ உங்கள் உடலையோ பிரதிபலிக்கும். வழவழப்பான டைல்ஸிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. பழைய பெயின்ட்டின் நிறவேறுபாடு, ஒட்டுப் போட்ட பூச்சு, தென்னை ஓலையின் நிழல் ஆகியவையும் படத்தில் திட்டுகளை உண்டாக்கும். ஆகவே ஒவ்வொரு வெப்பப் படத்துக்கும் அதே கோணத்தில் ஒரு சாதாரணப் புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

வெயில் படாத இடங்களில் என்ன செய்வது?

ஹாலஜன் விளக்கால் நாமே சூடேற்றலாம். சதுர மீட்டருக்கு 500 வாட் வீதம் பத்து நிமிடம் கான்கிரீட் ஏற்றுக்கொண்டால் மேற்பரப்பு ஆறரை டிகிரி அளவுக்கு உயரும். விளக்கை அணைத்த பின் அது ஆறும் போக்கைத் தொடர்ந்து பதிவு செய்தால், 3 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள வெற்றிடம் ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் தன்னைக் காட்டத் தொடங்கும். பத்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள எதையும் இப்படித் தேடுவது வீண் முயற்சி. சூடு பக்கவாட்டில் பரவி அடையாளம் கரைந்துவிடும்.

கடத்துதிறனையே எண்ணாக அளக்க வேண்டுமானால்?

மாதிரி கையில் இருந்தால் ஆய்வகத்தில் சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து அளக்கலாம், ஐ.எஸ். 3346 காப்புப் பொருள்களுக்கு அந்த முறையை விவரிக்கிறது. கட்டடத்திலேயே அளக்க, வெப்பப்பாய்வுத் தகட்டைச் சுவரில் ஒட்டி, இருபுறமும் வெப்பநிலையைப் பதிவு செய்யலாம். ஐ.எஸ்.ஓ. 9869 இதற்குக் குறைந்தது மூன்று நாள் கேட்கிறது. சென்னையில் உள்ளும் புறமும் வெப்பநிலை வேறுபாடு சிறிதாகவே இருப்பதால், ஏ.சி. தொடர்ந்து ஓடும் அறையைத் தேர்ந்தெடுத்தால்தான் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

தடித்த அடித்தளங்களில் எனக்குப் பிடித்த வழி இன்னும் எளியது. ஊற்றியபோது எழுந்த சூடு முழுவதும் ஆறியபின், மேற்பரப்பிலும் 10 சென்டிமீட்டர் ஆழத்திலும் ஏற்கெனவே வைத்த தெர்மோகப்பிள்கள் அன்றாட வெயிலின் ஏற்றஇறக்கத்தைப் பதிவு செய்கின்றன. நல்ல கான்கிரீட்டில் ஆழத்தின் உச்ச வெப்பநிலை மேற்பரப்பின் உச்சத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிந்தி வருகிறது. ஏற்றஇறக்கத்தின் அளவும் பாதியாகிறது. இடைவெளி மூன்று மணி நேரமானால் பரவுதிறன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருக்கிறது என்று பொருள்; கலவையில் காற்று மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலைத் தவிர வேறு சூடேற்றும் கருவி எதுவும் இதற்குத் தேவைப்படுவதில்லை.

சோதனை அறிக்கையில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

படம் எடுத்த தேதி, மணி, முந்தைய நாள் மழை பெய்ததா என்ற குறிப்பு, காற்று, உமிழ்திறன் ஆகியவை இல்லாத வெப்பப் படம் வெறும் வண்ணப்படம். சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் இடமும் தட்டிப் பார்க்கப்பட்டதா, ரீபவுண்ட் ஹாமர் சோதனையோ (சுத்தியல் எகிறும் அளவைப் பார்ப்பது) மீயொலிச் சோதனையோ அங்கே செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கோர் எங்கே எடுப்பது என்பதை வெப்பப் படத்தை வைத்துத் தீர்மானித்தால் பத்து இடத்தில் துளைப்பதற்குப் பதில் மூன்று இடம் போதும். அந்த மூன்றில் ஒன்று, படத்தில் எந்தக் குறையும் தெரியாத நல்ல பகுதியிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதனுடன் ஒப்பிட்டால்தான் மற்ற இரண்டின் எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.